புரட்டாசிக்கு மூன்று வாரம் முன்பு திறந்த பர்கர் கடை: கடலூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஆவணியில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் திறந்த ஒரு பர்கர் கடையின் முதல் சில மாதங்கள் பற்றிய பதிவு இது. அந்தக் கடைக்குக் கணக்கும் ஜிஎஸ்டியும் நான்தான் பார்க்கிறேன். அதனால் பில் விவரங்கள் என் கைக்கு வந்தன. சமையலறை விஷயங்களை உரிமையாளரும் சமையல் பொறுப்பாளரும் சொன்னார்கள். சிலவற்றை நேரிலும் பார்த்தேன். உரிமையாளரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள், கடையின் அடையாளம், விற்பனைத் தொகை ஆகியவற்றை விட்டுவிட்டேன்.

கடையும் இடமும்

திருப்பாதிரிப்புலியூர்தான் கடலூரின் கடைத்தெரு. பேருந்து நிலையம், ரயில் நிலையம், ஜவுளிக் கடைகள், நகைக் கடைகள், பாடலீஸ்வரர் கோயில் எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. லாரன்ஸ் ரோட்டில் துணி எடுக்க வரும் குடும்பம் அப்படியே ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பும். உரிமையாளர் முப்பது வயதைத் தாண்டியவர், சென்னையில் சில வருடம் உணவகத் துறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய மாமா பாதிப் பணம் போட்டார். லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், முன்பு செல்போன் கடையாக இருந்த இடத்தைப் பிடித்தார்கள்.

கணக்கு எளிமையானது. பர்கர் சாப்பிடுவதற்கென்றே இங்குள்ள பசங்க பைக்கை எடுத்துக்கொண்டு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் பாண்டிச்சேரிக்குப் போகிறார்கள். அதை இங்கேயே, கொஞ்சம் குறைந்த விலையில் கொடுத்தால் வராமலா போவார்கள்? அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் மாணவர்களை மட்டும் மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. அந்தத் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் நடப்பவர்களில் பெரும்பாலானோர் பையும் கையுமாக வரும் குடும்பங்கள்.

சமையலறை சிறியது. எண்ணெயில் பொரிக்க ஒரே ஒரு கேஸ் ஃப்ரையர், பன் வாட்ட ஒரு தவா, ஒரு ஃப்ரீஸர், ஒரு ஃப்ரிட்ஜ். சிக்கன் துண்டு, வெஜ் கட்லெட், உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் மூன்றும் அதே ஃப்ரையரில்தான் பொரிந்தன. ஆரம்பத்தில் யாரும் இதை ஒரு பிரச்சினையாகப் பார்க்கவில்லை. இந்த அளவுக் கடைகள் பலவும் அப்படித்தான் ஓடுகின்றன.

மயோனைஸ் விஷயத்தில் மட்டும் உரிமையாளர் முன்கூட்டியே கவனமாக இருந்தார். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்திருந்தது. அதனால் தொடக்கத்திலிருந்தே பால், எண்ணெய், வினிகர் சேர்த்து அடித்த முட்டை இல்லாத மயோனைஸ்தான். அதைப் பலகையிலும் எழுதி வைத்தார். பாண்டிச்சேரி வேறு நிர்வாகம், அந்த உத்தரவு அங்கே செல்லவில்லை. ஒரே பர்கரை இரண்டு ஊரிலும் சாப்பிடும் பசங்க, 'இங்கே சாஸ் வேற மாதிரி இருக்கே' என்று கேட்டதும் உண்டு. அது போகட்டும்.

திறப்பு நாள் எப்படி முடிவானது

வேலை ஆடியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஆடியில் யாரும் புதுக்கடை திறக்க மாட்டார்கள். மாமா அதில் உறுதியாக இருந்தார், உரிமையாளரும் எதிர்த்துப் பேசவில்லை. கடை பூட்டியபடியே ஒரு மாத வாடகை போனது. ஆவணி பிறந்ததும் எல்லோரையும் போல வளர்பிறை முகூர்த்தத்துக்குக் காத்திருந்து, ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி முடிந்த கையோடு திறந்தார்கள்.

அந்த வருடம் புரட்டாசி பிறந்தது செப்டம்பர் 17. அதாவது, அசைவத்தை நம்பித் திறந்த கடைக்குக் கிடைத்த அவகாசம் மூன்று வாரம்தான். நாள் பார்த்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். மாமா காலண்டரைப் பார்த்துத்தான் நாள் குறித்தார். ஆடியைத் தவிர்த்தால் ஆவணியில் வந்து விழும், ஆவணிக்கு அடுத்தது புரட்டாசி. இது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். முகூர்த்தம் பார்த்த நேரத்தில் வியாபார மாதத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவே.

முதல் வாரங்கள்

முதல் மூன்று நாள் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். தேவனாம்பட்டினம் அரசு கலைக் கல்லூரியிலிருந்தும் மற்ற கல்லூரிகளிலிருந்தும் பசங்க வந்து குவிந்தார்கள். வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. உள்ளே ஃப்ரையர் திணறியது. எண்ணெய் 175 முதல் 180 டிகிரியில் இருக்க வேண்டும். உறைந்த ஃப்ரைஸை ஒரு கூடை கொட்டினாலே சூடு சடாரென இறங்கும். அது ஏறுவதற்குள் அடுத்த சிக்கனைப் போட்டால் மேல்மாவு எண்ணெயைக் குடிக்கும், உள்ளே வேகாது. சிக்கனின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டாக வேண்டும். சமையல் பொறுப்பாளர் வெப்பமானியைக் குத்திப் பார்க்காமல் எதையும் வெளியே விடவில்லை. அதனால் காத்திருப்பு நீண்டது, இரண்டொருவர் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். புதுக்கடையில் ஒருவருக்கு வயிறு கெட்டால் கடையே போய்விடும்.

சலுகை முடிந்த பிறகும் இரண்டு வாரம் நன்றாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை மாலை எட்டரை மணிக்கெல்லாம் சிக்கன் தீர்ந்தது. உரிமையாளர் மாதக் கணக்கை அந்த வேகத்திலேயே நீட்டிப் பார்த்தார். புதுக்கடை உரிமையாளர்கள் பலரும் செய்வதுதான் இது, எனக்கு இதில் எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை.

புரட்டாசி

செப்டம்பர் 17, புதன்கிழமை. அன்று பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 20ஆம் தேதி முதல் புரட்டாசி சனி. கடலூருக்கு மேற்கே திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்குப் புரட்டாசி முழுக்க, அதிலும் சனிக்கிழமைகளில், சுற்று வட்டாரமே போகும். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் குடும்பம் சிக்கன் பொரியும் கடைக்குள் காலெடுத்து வைக்குமா? மறுநாள் 21, ஞாயிறு. அசைவக் கடைக்கு வாரத்திலேயே சிறந்த நாள். அந்த ஞாயிறு மகாளய அமாவாசையாக அமைந்தது. அதற்கு மறுநாள் தொடங்கி நவராத்திரி. அக்டோபர் 1 ஆயுத பூஜை. அக்டோபர் 2 விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒன்றாக வந்தன. காந்தி ஜெயந்திக்கு இறைச்சிக் கடைகளே திறக்காது. இரண்டு வாரத்துக்குள் இத்தனையும்.

இந்த மாதத்தில் கறிக்கோழி விலை இறங்கும். அது ஆறுதல் இல்லை, ஊரே சாப்பிடவில்லை என்பதன் அறிகுறி.

சிக்கன் விற்பனை குறைந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் வெஜ் பர்கரில் இருந்தது. சைவ மாதத்தில் அது ஏறியிருக்க வேண்டும். கடையில் ஏறவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஸ்விக்கி, சொமேட்டோ வழியாகப் போன வெஜ் பர்கர் கூடியிருந்தது. பில்லைப் பொருள்வாரியாகவும், கடையில் சாப்பிட்டது வேறு, ஆப்பில் போனது வேறு என்றும் பிரித்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்திருந்தால் 'புரட்டாசி, அதனால் டல்' என்று விட்டிருப்போம்.

அதே கட்லெட், அதே பன், அதே விலை. வீட்டில் இருந்தபடி வாங்குகிறார்கள், கடைக்கு வந்தவர்கள் வாங்கவில்லை. அப்படியானால் கடைக்கு வந்தால் கண்ணில் படுகிற ஏதோ ஒன்றுதான் தடுக்கிறது.

கல்லாவில் நடந்தது

சமையலறை திறந்த அமைப்பு. நிற்கும் இடத்திலிருந்தே ஃப்ரையர் தெரியும். சுத்தமாகச் சமைக்கிறோம் என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள்.

ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது நாலைந்து பேராக ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகள் பலகையைப் பார்த்து முடிவு செய்துவிட்டார்கள். பாட்டி மட்டும் ஃப்ரையரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கல்லாவில் இருந்த பையனிடம், "ஏன் தம்பி, சிக்கன் பொரிச்ச எண்ணெயிலயேதான் இதையும் போடுறீங்களா?" என்றார்.

"ஆமா பாட்டி, எண்ணெய் நல்லா கொதிக்கும். அதுல எந்தக் கிருமியும் இருக்காது, பயப்படாம சாப்பிடலாம்."

பையன் பொய் சொல்லவில்லை, மரியாதையாகவும் சொன்னான். கேட்டது ஒன்று, அவன் சொன்னது வேறு. அந்த அம்மா சுத்தத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. மகன், "சரிம்மா, வா, டிபன் கடைக்கே போயிடலாம்" என்றார். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குடும்பம் சைவக் குடும்பம் இல்லை. போன வாரம் சிக்கன் சாப்பிட்டிருக்கவும் கூடும். புரட்டாசி, பாட்டி விரதம், அவ்வளவுதான். விரதம் இருப்பவர் ஒருவர்தான், ஆனால் எங்கே சாப்பிடுவது என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். மற்றவர்கள் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சாப்பிட மாட்டார்கள். ஒரு வெஜ் பர்கர் போகிற இடத்தில் ஒரு மேசையே போகிறது. வெஜ் பர்கரைச் 'சைவக்காரர்களுக்கான அயிட்டம்' என்று பலகையின் அடியில் போட்டிருந்த உரிமையாளருக்கு இது புதிதாக இருந்தது. நம் ஊரில் அதை அதிகம் கேட்கப் போவது செவ்வாய், வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை என்று நாள் பார்க்கும் அசைவக்காரர்கள்தான்.

பையன்களிடம் விசாரித்தபோது இதே கேள்வி முதல் வாரத்திலிருந்தே அவ்வப்போது வந்துகொண்டிருந்தது தெரிந்தது. யாரும் மேலே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை என்றார்கள்.

பேசிப் பார்த்த யோசனைகள்

மாமா, புரட்டாசி முடியும்வரை ஷட்டரை இறக்கிவிடலாம் என்றார். வாடகையும் சம்பளமும் நிற்காது என்பதால் அது எடுபடவில்லை. மறுபடி ஒன்றுக்கு ஒன்று இலவசம் போடலாமா என்று உரிமையாளர் யோசித்தார். சாப்பிடாத மாதத்தில் இலவசமாகக் கொடுத்தால் யார் வருவார்கள் என்று கேட்டேன், விட்டுவிட்டார்.

நீண்ட பேச்சு நடந்தது மூன்றாவது யோசனை பற்றித்தான்: புரட்டாசி சனிக்கிழமைகளில் மட்டும் கடையை முழுச் சைவமாக்கிவிடுவது. கேட்க நன்றாக இருந்தது. போஸ்டர்கூட மனதில் ஓடியது. ஆனால் சனிக்கிழமை வருபவர்களில் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு, கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு, எந்த விரதமும் இல்லாத கல்லூரிப் பசங்க உண்டு. ஹலால் சிக்கன் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வழக்கமாக வரத் தொடங்கியிருந்த சில குடும்பங்களை வாசலிலிருந்து திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, வாரம் ஆறு நாள் சிக்கன் பொரிந்த ஃப்ரையரில் ஏழாம் நாள் கட்லெட் போட்டால் பாட்டியின் கேள்விக்கு அது பதிலாகாது. சிக்கனை எடுப்பதைவிடச் சைவத்தைத் தனியாகப் பிரிப்பதே சரி என்று முடிவானது.

செய்த மாற்றங்கள்

இரட்டைத் தொட்டி ஃப்ரையர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஒரே பெட்டியில் இரண்டு எண்ணெய். உரிமையாளர் கிட்டத்தட்ட வாங்கிவிட்டார். சமையல் பொறுப்பாளர்தான் தடுத்தார்: கூடையைத் தூக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றில் சொட்டும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் 6 லிட்டர் மின்சார ஃப்ரையர் தனியாக வாங்கி, வாசலை ஒட்டி, சிக்கன் பக்கத்துக்கு எதிர்மூலையில் வைத்தார்கள். அதற்கு 16 ஆம்பியர் தனி லைன் இழுக்க வேண்டியிருந்தது. ஒரு மேசையும் போனது. உணவகங்கள் கட்டும் 5 சதவீத ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியை, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, திரும்ப எடுக்க முடியாது என்பதால், இயந்திரத்துக்குக் கட்டிய வரியும் செலவில்தான் சேர்ந்தது. சிறிய கடைக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல.

தவாவும் தனி, திருப்பியும் இடுக்கியும் தனி. சைவ மூலையின் பொருட்களுக்கெல்லாம் பச்சைக் கைப்பிடி. ஃப்ரிட்ஜில் சைவம் மேல் தட்டில், சிக்கன் கீழே. இது சுகாதாரத்துக்காக ஏற்கெனவே செய்திருக்க வேண்டிய ஒன்று, இப்போதுதான் ஒழுங்காக நடந்தது.

எல்லாம் முடிந்து பலகை எழுதப் போகும்போது ஒரு புதுச் சிக்கல் கிளம்பியது. பன். உள்ளூர் பேக்கரி ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. மேலே பளபளப்பு வர முட்டையை அடித்துத் தடவித்தான் அவர்கள் அடுப்பில் வைக்கிறார்கள். பேக்கரிக்காரர் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. மயோனைஸில் முட்டையை எடுத்ததைப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே பச்சைப் புள்ளியும் போட்டு, முட்டை பூசிய பன்னில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டு விதிப்படி முட்டை சேர்ந்தாலே அது அசைவக் குறிக்குள் வந்துவிடும். பேக்கரியிடம் பேசி முட்டைக்குப் பதில் பால் தடவச் சொன்னார்கள். நிறம் கொஞ்சம் மங்கியது, சுவையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. வெஜ்ஜுக்கு ஒன்று, சிக்கனுக்கு ஒன்று என்று இரண்டு வகை வாங்கினால் அவசரத்தில் மாறும் என்பதால், எல்லாவற்றுக்கும் பால் பன்னே.

கல்லாப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்த பதில் ஒரே வரி: "தனி எண்ணெய், தனி அடுப்பு, பன்னுல முட்டை இல்ல. அதோ அங்க பாருங்க." காட்டுவதற்கு ஏதாவது இருந்தால்தான் இந்த வரி வேலை செய்யும். அதனால்தான் ஃப்ரையர் வாசலுக்கு வந்தது.

பின்பு நடந்தது

வேலை முடிந்தபோது ஆயுத பூஜை தாண்டிவிட்டது. மீதம் இருந்தவை இரண்டு புரட்டாசி சனிகள், அக்டோபர் 4, 11. முதல் சனியில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவது சனியில் கடையில் உட்கார்ந்து சாப்பிட்ட வெஜ் பர்கர் தெளிவாகக் கூடியது. அதைவிட, ஒரே பில்லில் வெஜ்ஜும் சிக்கனும் சேர்ந்து வரும் எண்ணிக்கை ஏறியது. உரிமையாளரிடம் நான் காட்டியது அந்த எண்ணிக்கையைத்தான். திறப்பு வாரத்து விற்பனைக்கு அருகில்கூட அந்த மாதம் வரவில்லை, நஷ்டத்தில்தான் முடிந்தது. அக்டோபர் 20 தீபாவளி வாரத்தில் சிக்கன் மீண்டது. அதற்கும் நாம் செய்த மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை.

எதிர்பாராத லாபம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று வெஜ் பர்கர் அதிகம் போகாது, புது ஃப்ரையர் சும்மா நின்றது. சிக்கன் வரிசை நீண்ட ஒரு மாலையில், "அண்ணே, அந்த எண்ணெய் சும்மாதானே இருக்கு, ஒரு கூடை சிக்கன் அதுல போட்டுக்கவா?" என்று உதவியாளர் கேட்டார். உரிமையாளர் மறுத்தார். ஒருமுறை போட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஒரு வரிப் பதில் பொய்யாகிவிடும். அதற்குப் பதில் ஃப்ரைஸ் முழுவதையும் சைவ ஃப்ரையருக்கு மாற்றினார்கள். உடனே சிக்கன் ஃப்ரையரின் சூடு இறங்குவது நின்றது. திறப்பு வாரத்தில் பட்ட அவஸ்தைக்குப் பாதிக் காரணம் ஃப்ரைஸ்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. எண்ணெயிலும் மிச்சம். கறித்தூள் விழாத எண்ணெய் மெதுவாகத்தான் கறுக்கிறது. பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது உருவாகிச் சேர்பவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. அதை அளக்கும் கருவியை வாங்கி இரண்டு தொட்டியையும் தனித்தனியாகப் பார்த்து மாற்றுகிறார்கள்.

கார்த்திகையில் இந்த ஏற்பாட்டின் எல்லையும் தெரிந்தது. நவம்பர் 17 கார்த்திகை பிறந்து மாலை போட்டவர்கள் வெளிச் சாப்பாட்டையே தொடுவதில்லை. தனி எண்ணெய் என்று சொன்னாலும் அவர்கள் வரப்போவதில்லை, வீட்டாரும் பெரும்பாலும் அப்படியே. மழையும் சேர்ந்துகொண்டது. அந்த மாதத்துக்கு உரிமையாளர் புதிதாக எதுவும் முயலாமல் சிக்கன் கொள்முதலை மட்டும் குறைத்தார். நல்ல முடிவு. வெங்காயம், பூண்டு இல்லாமல் தர முடியுமா என்று சிலர் கேட்டதற்கும் முடியாது என்றே சொல்லிவிட்டார். எல்லாக் கேள்விக்கும் ஒரு ஃப்ரையர் வாங்க முடியாது.

மறுபடி செய்வதானால்

திறப்பு நாளை வைகாசியிலோ தையிலோ வைத்திருப்போம் என்கிறார் உரிமையாளர். ஆவணிதான் என்றால், திறக்கும்போதே புரட்டாசிக்கான பலகை தயாராக இருக்க வேண்டும், வெஜ் வகைகள் மேலே இருக்க வேண்டும். முதல் மூன்று நாள் இலவசத்துக்குச் செலவான பணம் கிட்டத்தட்ட அந்த இரண்டாவது ஃப்ரையரின் விலை. அதை முதலில் வாங்கியிருக்கலாம் என்பது என் கருத்து. திறப்புக் கூட்டம் இல்லாமல் கடையை யாருக்குத் தெரியும் என்று மாமா இன்னமும் வாதாடுகிறார், அதிலும் நியாயம் இருக்கிறது.

வெளியிலிருந்து வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும், பச்சைப் புள்ளி போடுவதற்கு முன், செய்பவரிடம் நேரில் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கல்லாவில் பதில் தெரியாத கேள்வி வந்தால் பையன் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். இரவு கடை மூடும்போது உரிமையாளர் அதைப் படிக்கிறார். சமீபத்தில் அதில் அதிகம் வந்திருப்பது சீஸ் சைவம்தானா என்ற கேள்வி. சப்ளையரிடம் கேட்டிருக்கிறார்கள், பதில் வந்ததும் பலகையில் ஏறும்.

மஞ்சக்குப்பம் பக்கம் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். வரைபடத்தில் சைவ ஃப்ரையர் வாசலை ஒட்டி, தனி மின் இணைப்போடு, முதலிலேயே இருக்கிறது. அட்வான்ஸ் தொகையில் இன்னும் பேச்சு முடியவில்லை.